பழைய விக்ராந்தும் 1971 போரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் புதிய விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது. அதிலிருந்து, அந்தப் பெயரை முதலில் தாங்கிய கப்பலைப் பற்றிப் பலர் விசாரிக்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த கதை, அது 1971-இல் பாகிஸ்தானை நடுங்க வைத்தது என்பது. அந்தப் போருக்கு அது நோயாளியாகத்தான் போனது என்பது அவ்வளவாகத் தெரியாது. எனக்கு இந்தக் கப்பலைப் பிடித்ததற்கே அதுதான் காரணம். ஆகவே சில பதில்கள் நீளும், சில இரண்டே வரியில் முடியும்.

விக்ராந்தை ஏன் ‘இலகு ரக’ விமானந்தாங்கி என்கிறார்கள்? 19,500 டன் என்பது இலகுவா?

விமானந்தாங்கிக் கப்பல்களின் கணக்கில் இலகுதான். முழுச் சுமையோடு சுமார் 19,500 டன், நீளம் 213 மீட்டர். புதிய விக்ராந்த் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது. ஆனால் எடையைவிட முக்கியம், அது எந்த நோக்கத்தோடு வரையப்பட்டது என்பது.

1941 டிசம்பரில் மலாயா கடலில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. மேலே விமானப் பாதுகாப்பு இல்லாமல் எவ்வளவு பெரிய கப்பலும் தாங்காது என்பது அன்று உறைத்தது. கனத்த கவசத்தோடு பெரிய விமானந்தாங்கிகளைக் கட்ட நேரமும் இல்லை, எஃகும் இல்லை. அதனால் 1942-இல் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பாளர்களைக் கொண்டு ஒரு சிக்கனத் திட்டம் தீட்டினார்கள். கப்பல் உடலைச் சரக்குக் கப்பல்களுக்கான லாய்ட்ஸ் விதிப்படி கட்ட வேண்டும். போர்க்கப்பல் கட்டிப் பழக்கமில்லாத தளங்களும் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கவசம் கிடையாது, பெரிய பீரங்கியும் கிடையாது. விமானத்தைச் சுட 40 மி.மீ. போஃபர்ஸ் துப்பாக்கிகள் போதும். போர் முடியும் வரை, அதாவது மூன்று ஆண்டுகள் போல, உழைத்தால் சரி என்று நினைத்தார்கள்.

மூன்று ஆண்டுகளுக்காக வரைந்த கப்பலில் 36 ஆண்டுகள் இந்தியக் கொடி பறந்தது.

சிக்கனமாகக் கட்டினால் ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். ஆனால் வெட்டிய இடத்தில் யோசித்துத்தான் வெட்டினார்கள். எந்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாய்லரும் ஒரு டர்பைனும் சேர்ந்து ஒரு தொகுதி. இப்படி இரண்டு தொகுதிகள். இரண்டையும் அருகருகே வைக்காமல், ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் தள்ளி வைத்தார்கள். டார்பிடோ ஒரு பக்கம் தாக்கி ஒரு தொகுதி போனாலும் மற்றதை வைத்து ஊர்ந்தாவது கரை சேரலாம். கவசத்துக்குப் பதில் இந்த ஏற்பாடு. மொத்தம் 40,000 குதிரைத்திறன், இரண்டு சுழலிகள், அதிகபட்ச வேகம் சுமார் 25 நாட், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டரை ஒட்டி.

இந்த வடிவத்தில் 16 கப்பல்களைக் கட்டத் தொடங்கினார்கள். முதல் பத்து கொலோசஸ் வகை. கொஞ்சம் திருத்திய கடைசி ஆறு மெஜஸ்டிக் வகை. விக்ராந்த் மெஜஸ்டிக் வகையைச் சேர்ந்தது.

அது எப்படி இந்தியாவுக்கு வந்தது?

1943 அக்டோபரில் வடக்கு இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் ‘ஹெர்குலிஸ்’ என்ற பெயரில் கட்டத் தொடங்கினார்கள். 1945 செப்டம்பர் 22 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டு இருபது நாள் ஆகியிருந்தது! எந்தப் போருக்காகக் கட்டினார்களோ அந்தப் போரே இல்லை. முக்கால்வாசி வேலை முடிந்த நிலையில் 1946-இல் நிறுத்தி, ஓரமாகக் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

1957-இல் இந்தியா வாங்கியது. மீதி வேலை பெல்ஃபாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் தளத்தில் நடந்தது. டைட்டானிக் கட்டப்பட்ட அதே தளம். 1961 மார்ச் 4 அன்று, அப்போது லண்டனில் இந்தியத் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் கப்பலைப் படையில் சேர்த்துவைத்தார். நவம்பரில் பம்பாய் வந்தபோது நேரு போய் வரவேற்றார்.

ஓரமாகக் கிடந்த ஆண்டுகள் வீண் போகவில்லை என்றே சொல்வேன். அந்த இடைவெளியில் விமானந்தாங்கித் தொழில்நுட்பம் தலைகீழாக மாறியிருந்தது. சாய்வாக அமைந்த இறங்குதளம், விமானத்தை உந்தி எறியும் நீராவி கேட்டபுல்ட், இறங்கும் விமானிக்கு வழிகாட்டும் கண்ணாடி விளக்கு அமைப்பு ஆகிய மூன்றும் பெல்ஃபாஸ்டில் சேர்ந்தன. 1945-இலேயே முடித்திருந்தால் ஜெட் விமானம் இறங்க முடியாத கப்பலாக அது போயிருக்கும்.

அதில் என்னென்ன விமானங்கள் இருந்தன?

சண்டைக்கும் குண்டு வீச்சுக்கும் சீ ஹாக். ஒற்றை இருக்கை பிரிட்டிஷ் ஜெட், மூக்கில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள். நீர்மூழ்கி தேடுவதற்குப் பிரான்சின் அலிஸே, மூன்று பேர் அமரும் டர்போப்ராப், அதாவது டர்பைனால் சுழலும் விசிறி கொண்ட விமானம். சீ ஹாக் படைப்பிரிவுக்கு எண் 300, ‘வெள்ளைப் புலிகள்’. அலிஸே பிரிவுக்கு எண் 310, ‘நாகங்கள்’. கடலில் விழுந்தவர்களைத் தூக்க அலூவெட் ஹெலிகாப்டர். எல்லாம் சேர்த்து இருபதை ஒட்டித்தான் ஏற்ற முடியும். கப்பலில் முதன்முதலாக ஜெட் இறக்கிய இந்திய விமானி, பிற்காலத்தில் கடற்படைத் தளபதியான ஆர்.எச். தஹிலியானி.

1965 போரில் விக்ராந்த் என்ன செய்தது?

ஒன்றும் செய்யவில்லை. பம்பாயில் பழுதுபார்ப்பில் இருந்தது. அதை மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் தரப்பு அறிவித்ததுதான் வேடிக்கை.

ஆனால் கடற்படைக்கு அது வேடிக்கையாக இல்லை. இவ்வளவு செலவு செய்து வாங்கிய கப்பல் சண்டை நேரத்தில் துறையில் உட்கார்ந்திருந்தது என்ற பேச்சு அதிகாரிகளை உள்ளுக்குள் அரித்தது. அடுத்த போரிலும் இப்படியே ஆனால் கப்பலை வெள்ளை யானை என்பார்கள், கடற்படை விமானப் பிரிவையே கைகழுவிவிடுவார்கள் என்ற கவலை 1971-இல் வெளிப்படையாகவே பேசப்பட்டது. அடுத்து வரும் முடிவுகளை இதை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பாய்லரில் விரிசல் என்கிறார்களே, உண்மையா? அதோடு எப்படிப் போருக்குப் போனார்கள்?

உண்மை. 1970 ஜூனில் பம்பாய் கடற்படைத் தளத்தில் சோதித்தபோது பாய்லர்களின் நீர் உருளைகளில் உட்புறம் விரிசல்கள் தெரிந்தன. வெல்டிங் வைத்துச் சரிசெய்யக்கூடிய விரிசல்கள் அல்ல. மாற்று உருளைகள் இங்கே கிடைக்காது. பிரிட்டனிலிருந்து வரவழைக்க வேண்டும். அதுவரை பாய்லரைப் பற்றவைக்கவே கூடாது என்று உத்தரவு. மாதக்கணக்கில் கப்பல் செத்துக் கிடந்தது.

1971 தொடக்கத்தில் கிழக்குப் பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) நிலவரம் சூடுபிடிக்க, காத்திருக்க முடியாமல் போயிற்று. மார்ச்சில், புது உருளைகள் இல்லாமலேயே, அழுத்தத்தைக் குறைத்துப் பாய்லர்களை ஏற்றிப் பார்த்தார்கள். நாலில் ஒன்றை ஒதுக்கிவிட்டு, மீதி மூன்றைச் சுற்றி எஃகுப் பட்டைகள் போட்டு இறுக்கினார்கள். எங்கேயாவது நீராவி கசிகிறதா என்று வெளியிலிருந்தே பார்ப்பதற்குச் சிறிய கண்காணிப்பு ஜன்னல்கள் வைத்தார்கள்.

பாய்லர் அறையில் வேலை செய்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். அழுத்தமேறிய நீராவி கசிந்தால் உடல் வெந்துவிடும். அந்த ஜன்னலைப் பார்த்தபடி அவர்கள் ஷிஃப்ட் மாற்றி நின்றார்கள். படங்களிலும் பேச்சுகளிலும் விமானிகளுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் கால்வாசியாவது இவர்கள் பக்கம் விழ வேண்டும் என்பது என் கட்சி.

ஜூன் இறுதியில் சோதனைகள் முடிந்தன. போருக்குப் போகலாம், ஆனால் வேகம் 14 நாட்டைத் தாண்டக் கூடாது என்று அனுமதி வந்தது. முடிவின் பொறுப்பு கடற்படைத் தளபதி அட்மிரல் எஸ்.எம். நந்தாவுடையது.

வேகம் குறைந்தால் என்ன? விமானம்தானே பறக்கப் போகிறது?

அங்கேதான் சிக்கல். விமானம் எழும்ப வேண்டுமானால் அதன் இறக்கையின் மேல் போதுமான காற்று ஓட வேண்டும். அதனால்தான் விமானந்தாங்கிகள் காற்றை எதிர்த்துத் திரும்பி முழு வேகத்தில் ஓடுகின்றன. கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்து தளத்தின் மேல் கிடைக்கும் காற்று. 25 நாட்டில் ஓட வேண்டிய கப்பல் 14-இல் ஓடினால் மீதியைக் காற்றுதான் தர வேண்டும். காற்றும் அடிக்காவிட்டால் விமானத்தில் குண்டைக் குறை, இல்லை எரிபொருளைக் குறை. அப்புறம், கேட்டபுல்ட்டை இயக்குவதும் அதே பாய்லரின் நீராவிதான். கப்பலில் இருந்ததும் ஒரே ஒரு கேட்டபுல்ட்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்கு ஓர் உதாரணம். விக்ராந்தின் மூத்த சகோதரி என்று சொல்லத்தக்க, கொலோசஸ் வகைக் கப்பல் ஒன்று அர்ஜென்டினாவிடம் ‘வெய்ன்டிசிங்கோ டே மாயோ’ என்ற பெயரில் இருந்தது. 1982 மே மாதத் தொடக்கத்தில், ஃபாக்லாந்து போரின்போது, பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்க அது ஸ்கைஹாக் விமானங்களை ஆயத்தமாக வைத்திருந்தது. தெற்கு அட்லாண்டிக்கில் அபூர்வமாக அன்று காற்று ஓய்ந்துவிட்டது. குண்டுகளைச் சுமந்தபடி விமானங்களை எழுப்ப முடியாமல் தாக்குதலைக் கைவிட்டார்கள்.

அப்படியானால் ஏன் கராச்சிப் பக்கம் அனுப்பாமல் வங்கக் கடலுக்கு அனுப்பினார்கள்?

அரபிக் கடலில் பாகிஸ்தானிடம் புத்தம் புதிய பிரெஞ்சு டாஃப்னே வகை நீர்மூழ்கிகள் மூன்று இருந்தன. 14 நாட் வேகத்தில் போகும் விமானந்தாங்கி அவற்றுக்குக் கொழுத்த இரை. இந்தப் பயம் வீண் பயமல்ல என்பதை டிசம்பர் 9 காட்டியது. டாஃப்னே வகையைச் சேர்ந்த ‘ஹங்கோர்’ தியூ அருகே ‘குக்ரி’ போர்க்கப்பலை மூழ்கடித்தது. 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

வங்கக் கடல் வரை வந்து போகும் தூரத்திறன் பாகிஸ்தானின் ஒரே ஒரு நீர்மூழ்கிக்குத்தான் இருந்தது. அதன் பெயர் காஸி. கிழக்குப் பாகிஸ்தானில் இருந்ததோ பெரும்பாலும் சிறிய துப்பாக்கிப் படகுகள். நோய்வாய்ப்பட்ட கப்பலை எங்கே வைத்தால் அதிகப் பயன், குறைந்த ஆபத்து என்று பார்த்தால் விடை கிழக்குதான்.

காஸி கதை என்ன? சென்னைக்கும் அதில் பங்கு உண்டாமே?

உண்டு. 1971-இன் பிற்பகுதியில் விக்ராந்த் சென்னைத் துறைமுகத்திலும் நின்றது. நவம்பர் 14 அன்று காஸி கராச்சியை விட்டுக் கிளம்பியது. அது அமெரிக்காவின் பழைய ‘டயாப்லோ’. 1960-களில் பாகிஸ்தானுக்குக் குத்தகையாக வந்தது. இலங்கையைச் சுற்றி வந்து முதலில் சென்னைக் கடலில் விக்ராந்தைத் தேடிவிட்டு, பிறகு விசாகப்பட்டினம் நோக்கி நகர்ந்தது.

கிழக்குக் கடற்படைத் தளபதியாக விசாகப்பட்டினத்தில் இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவில்காரர். இரண்டாம் உலகப் போரிலேயே விருது வாங்கியவர். ஒரு நீர்மூழ்கி வருகிறது என்ற துப்பு அவருக்கு விசித்திரமான வழியில் கிடைத்தது: நீர்மூழ்கிகளும் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களும் மட்டுமே பயன்படுத்தும் ஒரு மசகு எண்ணெய் இருக்கிறதா என்று, கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங்கில் இருந்த பாகிஸ்தான் கடற்படையினரிடம் விசாரித்த செய்தி இடைமறிக்கப்பட்டது. எண்ணெய் கேட்பது யாருக்காக என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

கிருஷ்ணன் விக்ராந்தையும் கூடச் செல்லும் கப்பல்களையும் அந்தமானில் ஓர் ஒதுக்குப்புற நங்கூரமிடத்துக்கு அனுப்பினார். ரகசியக் குறிப்புகளில் அதன் பெயர் ‘எக்ஸ்-ரே’ துறைமுகம். விசாகப்பட்டினத்திலோ விக்ராந்த் பக்கத்திலேயே இருப்பதுபோல் நாடகம். ‘ராஜ்புத்’ என்ற கிழட்டு நாசகாரிக் கப்பலை வெளியே அனுப்பி, பெரிய கப்பல் செய்வதுபோல் வானொலிச் செய்திகளைக் கொட்டச் சொன்னார். விமானந்தாங்கிக்குத் தேவைப்படும் அளவுக்கு இறைச்சி, காய்கறி, மற்ற சாமான்கள் எல்லாம் ஊர்க் கான்ட்ராக்டர்களிடம் ஆர்டர் போகச் செய்தார். சந்தையில் ஒரு விஷயம் நுழைந்தால் ஒற்றர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? மாலுமி ஒருவர் தன் தாயின் உடல்நலத்தை விசாரிப்பதாகச் சங்கேதம் இல்லாத தந்தி ஒன்றும் போனது. அட்மிரல்கள் பேசுவதை யாரும் நம்பாமல் போகலாம். அம்மாவைப் பற்றிய தந்தியை எதிரியும் சந்தேகிக்க மாட்டான்.

காஸியை மூழ்கடித்தது யார்?

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினம் துறைமுக வாய்க்கு வெளியே, காஸி வெடித்து மூழ்கியது. அதிலிருந்த 90-க்கும் மேற்பட்டோரில் யாரும் பிழைக்கவில்லை. ராஜ்புத் வீசிய ஆழ்நீர் குண்டுகளே காரணம் என்பது இந்தியத் தரப்பு. தான் விதைத்துக்கொண்டிருந்த கண்ணிவெடியாலோ உள்ளே நிகழ்ந்த வெடிப்பாலோ மூழ்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு. இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. எப்படிப் பார்த்தாலும், காஸி அங்கே காத்துக் கிடந்தது இல்லாத கப்பலுக்காக. கிருஷ்ணனின் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

சண்டையில் விக்ராந்த் என்னதான் செய்தது?

டிசம்பர் 4 பகலில் எட்டு சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜார் விமானத்தளத்தைத் தாக்கக் கிளம்பின. அதே நாளில் சிட்டகாங் துறைமுகமும் தாக்குதலுக்கு உள்ளானது. அடுத்த நாள்களில் குல்னா, மங்லா, சால்னா எனக் கழிமுகத்தை ஒட்டிய துறைகள். ஆற்றின் மேல் தாழப் பறந்து, கரையோரம் ஒதுங்கியிருந்த துப்பாக்கிப் படகுகளையும் சரக்குக் கப்பல்களையும் தேடித் தேடிச் சுட்டார்கள். அலிஸே விமானங்கள் நீர்மூழ்கி தேடுவதோடு நிற்காமல் குண்டு வீசவும் போயின. டிசம்பர் 14 அன்று சிட்டகாங் ராணுவக் குடியிருப்புப் பகுதியைத் தாக்கியபோது கீழிருந்து நல்ல எதிர்ச்சூடு இருந்தது. அதற்குள் கப்பலின் எரிபொருள் கால்வாசிக்கும் கீழே இறங்கிவிட, பாரதீப் துறைமுகத்துக்கு நிரப்பப் போனார்கள். டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணாகதி. கையெழுத்தாகும் மேடையருகே கிருஷ்ணனும் இருந்தார்.

பாகிஸ்தான் விமானப்படை எதிர்க்கவில்லையா?

கிழக்கில் அவர்களிடம் இருந்தது டாக்கா தேஜ்காவ் தளத்தில் ஒரே ஒரு சேபர் ஜெட் பிரிவு. டிசம்பர் 6, 7 வாக்கில் இந்திய விமானப்படையின் மிக்-21 விமானங்கள் அந்த ஓடுபாதையைக் குழி குழியாக்கிவிட்டன. அதன் பிறகு சேபர்கள் எழும்பவே இல்லை. இதைச் சொல்லாமல் விக்ராந்தின் புகழை மட்டும் பாடுவது நியாயம் இல்லை. சீ ஹாக் 1971-இல் வயதான விமானம். சேபரை நேருக்கு நேர் சந்தித்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

அமெரிக்காவின் என்டர்பிரைஸ் கப்பலோடு விக்ராந்த் மோதவிருந்ததா?

அமெரிக்க ஏழாவது கடற்படையிலிருந்து அணுசக்தி விமானந்தாங்கி என்டர்பிரைஸ் தலைமையில் ஓர் அணி டிசம்பர் நடுவில் வங்கக் கடலுக்குள் வந்தது உண்மை. அது வந்து சேரும்போது போர் முடியும் தறுவாயில் இருந்தது. மோதல் நடக்கவில்லை. விக்ராந்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல் பெரிய கப்பலோடு மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் விக்ராந்த் இல்லாமலே போரை வென்றிருக்கலாமா?

தரையில் வென்றிருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கடல் வழியாகத்தான் வித்தியாசம். கிழக்கில் மாட்டிக்கொண்ட படைக்கு மேற்கிலிருந்து ஆளோ ஆயுதமோ வர ஒரே பெரிய வழி கடல். தப்பிப் போகவும் அதே வழிதான். சில போர்க்கப்பல்களை வைத்து ஒரு துறைமுகத்தை மறிக்கலாம். காக்ஸ் பஜாரிலிருந்து மங்லா வரை நூற்றுக்கணக்கான ஆற்று வாய்கள் கொண்ட கரையை மறிக்க மேலே கண் வேண்டும். அந்தக் கண்ணாக விக்ராந்த் இருந்தது. மூழ்கடித்த படகுகளின் பட்டியலை எண்ணுவதைவிட, டிசம்பர் 4-க்குப் பிறகு அந்தத் துறைமுகங்கள் பயன்படாமல் போனதைத்தான் நான் பெரிதாக நினைப்பேன். மூன்று பாய்லரில் ஓடிய கப்பலுக்கு இது குறைவில்லை.

விருதுகள்?

இரண்டு மகாவீர் சக்கரம், பன்னிரண்டு வீர் சக்கரம். மகாவீர் சக்கரம் பெற்றவர்கள் கப்பலின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ், சீ ஹாக் பிரிவை நடத்திய சந்தோஷ் குமார் குப்தா. டிசம்பர் 4 கடற்படை தினமாகக் கொண்டாடப்படுவது விக்ராந்துக்காக என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை, அது அதே நாள் இரவில் கராச்சியை ஏவுகணைப் படகுகள் தாக்கியதற்காக.

பிறகு அந்தக் கப்பலுக்கு என்ன ஆயிற்று? இப்போது பார்க்க முடியுமா?

சீ ஹாக் போய் 1980-களில் சீ ஹாரியர் வந்தது. அதற்காகத் தளத்தின் முனையை மேல்நோக்கி வளைத்தார்கள். 1997 ஜனவரி 31 அன்று ஓய்வு. மும்பையில் சில காலம் அருங்காட்சியகமாக இருந்தது. உடல் துருப்பிடித்து ஆபத்தானதால் 2012-இல் மூடினார்கள். காப்பாற்றக் கோரி நீதிமன்றம் வரை போனார்கள், பணம்தான் சேரவில்லை. 2014-இல் ஏலத்தில் விற்று உடைத்துவிட்டார்கள். அந்த எஃகில் கொஞ்சத்தை உருக்கிச் சேர்த்து 2016-இல் பஜாஜ் நிறுவனம் ‘வி’ என்ற பைக்கை விற்றது. பெட்ரோல் டேங்கில் விக்ராந்த் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லும் ஆள்கள் இன்னும் உண்டு. ஒரு போர்க்கப்பலுக்கு இது கௌரவமா இல்லையா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கு அது உறுத்துகிறது.

கப்பலைப் பார்க்க முடியாது. விமானங்களைப் பார்க்கலாம்: கோவாவில் டாபோலிம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் சீ ஹாக்கும் அலிஸேயும் நிற்கின்றன. விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் 1971 போர் நினைவுச் சின்னமும், நீர்மூழ்கிக்குள் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டும் ‘குர்சுரா’ அருங்காட்சியகமும் இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் விசாகப்பட்டினத்தைத் தேர்ந்தெடுங்கள். குர்சுராவுக்குள்ளேயே நடந்து பார்க்கலாம்.